பாய்லர் பரீட்சை

அண்ணி பரீட்சை எழுதுவதை அவன் முதலில் ஒரு வியாதி என்றுதான் நினைத்தான். வியாதி என்றால் ஒரு நாள் தீர வேண்டும். பதினான்கு வருஷமாகத் தீராததால் அது திமிர் என்ற முடிவுக்கு வந்திருந்தான்.

முதல் பரீட்சை ஓட்டுநர் உரிமத்துக்கானது. எழுதப் போனது அவன் அண்ணன். துணைக்குப் போன அண்ணி, மேசையில் ஒரு விண்ணப்பம் சும்மா கிடக்கிறதே என்று அதை நிரப்பிக் கொடுத்தாள். அண்ணன் தேறவில்லை, அவள் தேறினாள். அடுத்த மாதம் அண்ணனும் எழுதித் தேறி, இன்றைக்குச் சலவைக்கூடத்தின் வேனை ஓட்டுகிறான். அவள் இதுவரை ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஆனால் அண்ணன் பிரேக் போடும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் போகிற வண்டிக்கு எத்தனை அடி இடைவெளி விட்டிருக்க வேண்டும் என்று சொல்வாள்.

அதற்கப்புறம் தட்டச்சு, சுருக்கெழுத்து, முதலுதவி, லிஃப்ட் பராமரிப்பு, தேனீ வளர்ப்பு. அவர்கள் குடியிருந்தது ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அங்கே லிஃப்டும் கிடையாது, தேனீயும் கிடையாது. நடுவில் இரண்டு வருஷம் ஓர் அந்நிய மொழி. அதைப் பேசுகிற ஒரு மனிதரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. பால் பொங்கும்போது அந்த மொழியில் ஏதோ சொல்வாள். திட்டுகிறாளா கொஞ்சுகிறாளா என்று பாலுக்கும் தெரியாது. வேறு ஊரில் வேலையிலிருந்த அவளுடைய ஒரே மகள் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி, "இப்ப எதும்மா?" என்பதுதான்.

எதையும் அவள் பயன்படுத்திக்கொள்ளவில்லை. அதுதான் அவனை அரித்தது. படித்து மேலே போயிருந்தால் பொறாமைப்பட்டிருக்கலாம். பொறாமைக்கு ஒரு மரியாதை உண்டு. அவளோ சலவைக்கூடத்தில், ஆஸ்பத்திரிப் போர்வைகளை இஸ்திரி உருளைக்குள் கொடுக்கிற அதே வேலையில் பதினெட்டு வருஷமாக நின்றுகொண்டிருந்தாள். கூட நின்ற பெண்கள் அவளுக்குப் 'பரீட்சை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். "பரீட்சை, அந்த மூட்டையை இப்படித் தள்ளு." "பரீட்சைக்கு இன்னிக்குப் பல்வலி."

அண்ணன் வீடும் அவன் வீடும் எதிரெதிர் வாசல். ஆனால் கட்டடம் கட்டினவன் செய்த கோளாறில் சமையலறைச் சுவர் ஒன்று இரண்டுக்கும் பொதுவாக அமைந்துவிட்டது. காலை ஐந்தரைக்கு அந்தச் சுவர் படிக்க ஆரம்பிக்கும். அவள் வாய்விட்டுத்தான் படிப்பாள். அவன் வாயில் நுரையோடு நின்றுகொண்டு, மனித உடம்பில் எத்தனை எலும்பு என்பதை வேண்டாமலே கற்றுக்கொண்டான். அவனுக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. கடைசிப் பரீட்சையில் அவன் வாங்கிய மதிப்பெண்ணை ஆசிரியர் எழுந்து நின்று வாசித்தார், வகுப்பு கேலியாகக் கைதட்டியது. அந்தக் கைதட்டல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

ஆனால் பாய்லர் அறையில் அவன் ராஜா. கதவில் 'கொதிகலன்' என்று பலகை இருந்தது. அப்படி யாரும் சொன்னதில்லை. பத்தொன்பது வருஷமாக அவன் பாய்லர்காரன். சலவைக்கூடத்தின் மொத்த ஆவியும் அவன் கையிலிருந்துதான் போனது. காலையில் வந்து பாய்லர் உறைமேல் உள்ளங்கையை வைத்தால் நேற்றைய சூடு எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடுவான். பம்ப்பு இருமினால் எந்த வாஷர் என்று தெரியும். அறையில் ஒரே ஒரு நாற்காலி, அது அவனுடையது. மேனேஜர்கூடக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அவனிடம் சான்றிதழ் இல்லை. சட்டப்படி ஒன்று சுவரில் தொங்க வேண்டும், தொங்கியது. அவனுக்கு முன் இருந்த பாய்லர்காரருடையது. அவர் செத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்ததில்லை.

ஒருநாள் மாடிப்படியில் அண்ணி நிறுத்தினாள்.

"தம்பி, அடுத்தது பாய்லர்."

"என்ன பாய்லர்?"

"பரீட்சைதான். ரெண்டாம் நிலை. மூணு மாசம் இருக்கு."

"உங்களுக்கு எதுக்கு அண்ணி அது?"

"எதுக்குமில்ல."

எப்போதும் இதே பதில்தான். "பொம்பளைங்க எழுதலாமா அதை?" என்றான்.

"நானும் தேடிப் பாத்தேன். கூடாதுன்னு எங்கேயும் போடல."

அனுபவக் கடிதம் ஒன்று வேண்டும். மேனேஜர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். "பக்கத்து ரூம்ல பதினெட்டு வருஷமா ஆவி வாங்கியிருக்கே. அனுபவம் இல்லேன்னு எவன் சொல்லுவான்?"

அன்றிலிருந்து தேநீர் இடைவேளையில் அவள் பாய்லர் அறைக்கு வர ஆரம்பித்தாள். தட்டாமல் வந்தாள். தலைமுடியில் பஞ்சுத் தூசி, கையில் ஒரு நோட்டு, பழைய புத்தகக் கடையில் வாங்கின ஒரு வழிகாட்டி. அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தாள், வரைந்துகொண்டாள். அவன் பத்தொன்பது வருஷமாகக் கையால் அறிந்த ஒவ்வொன்றுக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு பெயர் இருந்தது. அவன் 'மூக்கு' என்று பெயர் வைத்திருந்த வால்வுக்கு அதில் ஐந்து சொல்லில் ஒரு பெயர்.

"தம்பி, இதுல நடுவுல பதினாறு பக்கம் அச்சே விழல. வெள்ளையா இருக்கு. பராமரிப்பும் அபாய நேரமும்னு பாடம். அதை மட்டும் நீங்க சொல்லணும்."

அவளுக்குத் தெரியாததும் அவனுக்குத் தெரிந்ததுமாகக் கடைசியில் பதினாறு பக்கம் மிஞ்சியது. அவன் காலைத் தூக்கி எண்ணெய்க் குழாய்மேல் வைத்துக்கொண்டான். அந்தக் கணத்தில்தான் அது தோன்றியது. தலைகீழாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவையாவது இந்தப் பொம்பளை ஃபெயிலாகி வீட்டுக்கு வரட்டும்.

"அடியில தங்கற சேத்தை எப்போ வெளியே தள்ளணும்?"

அவன் தினமும் காலையில், வேலை சூடுபிடிக்கும் முன்னால்தான் தள்ளுவான். "வேலை உச்சத்துல இருக்கும்போது," என்றான்.

எழுதிக்கொண்டாள்.

"கண்ணாடிக் குழாய்ல தண்ணி மட்டமே தெரியல. கீழே இறங்கிடுச்சு. உள்ள நெருப்பு எரியுது. முதல்ல என்ன செய்யணும்?"

இதைப் போய்க் கேட்கிறாளே என்றிருந்தது. அடுப்பில் தண்ணீர் வற்றினால் என்ன செய்வார்கள்? ஊற்றுவார்கள். பம்ப்பைப் போட வேண்டும், உடனே. அவன் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, "நெருப்பை நிறுத்தணும். பம்ப்பைத் தொடவே கூடாது. சொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாது. அப்படியே ஆற விடணும்," என்றான்.

"தொடவே கூடாதா?"

"தொட்டா தொலைஞ்சீங்க."

அதையும் எழுதிக்கொண்டாள். அடியில் இரண்டு கோடு போட்டாள். அவள் போனதும் அவன் தனியாக உட்கார்ந்து, தேநீர் மூக்கில் ஏறும்வரை சிரித்தான்.

அண்ணி தேறினாள். முடிவு வந்த அன்று அண்ணன் மாடிப்படியில் நின்று ஊருக்கே கேட்கும்படி, "இனிமே வீட்ல குக்கருக்குப் பயமில்ல!" என்றான். அவன் மனைவி உள்ளே வந்து, "உங்க அண்ணிக்கு மூளையில ஸ்பிரிங் ஏதோ கழண்டிருக்கு," என்றாள். அவனும் ஆமாம் என்றான். தலைகீழாகச் சொல்லியும் எப்படித் தேறினாள் என்பதுதான் விளங்கவில்லை. திருத்துகிறவன் தூங்கியிருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஐந்து வாரம் கழித்து ஆய்வாளர் வந்தார். குள்ளமான மனிதர், பேச்சில் அவசரமே இல்லை. நேராகச் சுவருக்குப் போய்ச் சான்றிதழைப் படித்தார். அதைப் படித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

"இவர் எங்கே?"

"வெளியே போயிருக்கார் சார்," என்றார் மேனேஜர்.

"பிறந்த தேதியைப் பாத்தா வயசு தொண்ணூத்தொண்ணு ஆகுது. வேகமா நடப்பாரோ? வாசல்ல நான் பாக்கலையே."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். ஆய்வாளர் அவன் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் ஓட்டறீங்க. சரி. ஒரே ஒரு கேள்வி. கண்ணாடியில தண்ணி தெரியல. பர்னர் எரியுது. என்ன செய்வீங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பம்ப்பைப் போடுவேன்."

"உடனேயா?"

"ஒரு நொடி நிக்க மாட்டேன் சார்."

"இங்க அப்படி ஆகியிருக்கா?"

"மூணு தடவை." அவன் நெஞ்சை நிமிர்த்தினான். "மூணு தடவையும் நான்தான் காப்பாத்தினேன்."

ஆய்வாளர் பேனாவை மூடினார். ஓர் எட்டுப் பின்னால், கதவுப் பக்கமாக எடுத்து வைத்தார். தானறியாமல் வைத்தது மாதிரி இருந்தது.

"உள்ள இருக்கற தகடு காய்ஞ்சு சிவந்து கிடக்கும். அதுமேல பச்சைத் தண்ணி போனா மொத்தமும் ஒரே நொடியில ஆவியாகும். எங்கே போகும் அத்தனை ஆவியும்? இந்தக் கூரையைத் தூக்கிட்டுத்தான் போகும். மூணு தடவையும் தகடு சிவக்கறதுக்கு முந்தி நீங்க பாத்திருக்கீங்க. அதிர்ஷ்டம். உங்க அதிர்ஷ்டம்னு சொல்ல மாட்டேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நிக்கறவங்க அதிர்ஷ்டம்."

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் போர்வை மடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"சர்டிபிகேட் இருக்கற ஆளே இங்க இல்லையா?" என்றார் ஆய்வாளர்.

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "இருக்கு சார். இருக்கு. பரீட்சையைக் கூப்பிடுங்கப்பா!"

அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அதே கேள்வி.

"பர்னரை நிறுத்துவேன். பம்ப்பைத் தொட மாட்டேன். எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு ஆற விடுவேன்."

"எந்தப் புத்தகம் படிச்சீங்க?"

"என் புத்தகத்துல அந்தப் பக்கம் வெள்ளை சார். என் கொழுந்தனார்தான் சொல்லிக் கொடுத்தார்." அவனைக் காட்டினாள்.

ஆய்வாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியா?" என்றார்.

அவள் கையை நீட்டி அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். சொல்லிக் கொடுத்தேன் என்றால், தெரிந்தும் பத்தொன்பது வருஷம் தப்பாகச் செய்தவன். சொல்லவில்லை என்றால் முட்டாள்.

உயிரோடிருக்கிற ஓர் ஆளின் சான்றிதழ், நெருப்பு எரியும் நேரமெல்லாம் அந்த ஆள் அறையில். இரண்டும் மூன்று நாளில் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவுக்கு முத்திரை என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் போனார். அவர் தலை மறைந்ததும் மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். பரீட்சையின் காகிதத்தை மாட்டிவிடுவோம். மற்றபடி யார் யார் எங்கெங்கே நின்றார்களோ அங்கங்கேயே நிற்கட்டும். அடுத்த ஆய்வு வர எப்படியும் ரொம்ப நாளாகும்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள்.

"காகிதத்தைக் குடுத்துடு," என்றான் அண்ணன். "நீ உன் வேலையைப் பாரு, அவன் அவன் வேலையைப் பாக்கட்டும்."

"காகிதத்துல என் பேர் இருக்கு."

"இருந்தா என்ன? சுவர்ல மாட்டினா தேஞ்சா போயிடும்?"

"இன்னொருத்தர் பேர்ல பத்தொம்பது வருஷம் ஓடலையா அக்கா?" என்றாள் அவன் மனைவி.

"செத்தவரை யாரும் ஜெயில்ல போட முடியாது. என்னைப் போடுவாங்க."

"உங்களுக்கு இது விளையாட்டு. எங்களுக்குச் சோறு அக்கா."

"விளையாட்டுதான். அதனாலதான் கள்ள ஆட்டம் ஆட மாட்டேன்."

அவன் பொறுக்க முடியாமல் எழுந்தான். "நான் என்ன, வெடிக்க வைக்கவா போறேன்?"

"மூணு தடவை பாத்துட்டீங்களே தம்பி."

குரலை உயர்த்தவில்லை. இத்தனை வருஷம் எத்தனை அடி இடைவெளி என்று சொன்னாளே, அதே குரல். அவன் மனைவி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, போகலாம். இவங்களுக்கு மனுஷங்க முக்கியமில்ல, மார்க்தான் முக்கியம்." அன்றிலிருந்து எதிர்வாசலில் பேச்சு நின்றது. காயப்போட்ட துணி காற்றில் பறந்து எதிர்வாசலில் விழுந்தால், காலால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மேனேஜர் வேறு வழியில்லாமல் இருவரையும் இடம் மாற்றினார். அவள் பாய்லருக்கு, அவன் இஸ்திரிக்கு. "ஆறு மாசம். அதுக்குள்ள ரெண்டு பரீட்சை வருது. பாஸ் பண்ணு, உன் இடம் உனக்கு. இல்லேன்னா உனக்கு உருளைதான், சொல்லிட்டேன்."

போர்வையை இரண்டு பேர் எதிரெதிர் நின்று மூலை பிடித்து, உதறி, ஒரே மூச்சில் உருளைக்குள் கொடுக்க வேண்டும். அவன் கொடுத்ததெல்லாம் கோணல். "பாய்லர் சார், மூலையைப் பிடிக்கச் சொன்னா கழுத்தை நெரிக்கிறீங்களே," என்றாள் எதிரே நின்றவள். வரிசையே சிரித்தது. ஒரு வாரத்துக்குள் அவனுக்கு 'அரைப்பரீட்சை' என்று பெயர் வந்துவிட்டது. பதினோரு பேரில் பத்துப் பேருக்கு அவன் கூரையைத் தூக்கப் பார்த்த கதை தெரியும். பதினோராவது ஆளுக்குக் காது கேட்காது, அவளுக்கு எழுதிக் காட்டினார்கள்.

"ஆவி பத்தல!" என்று அவன் பாய்லர் அறைச் சுவரிலிருந்த ஜன்னலைப் பார்த்துக் கத்துவான். பத்தும் என்று தெரிந்தே கத்துவான்.

"அழுத்தம் ஏழு கிலோ இருக்கு," என்று உள்ளிருந்து குரல் வரும். "உருளைக்குக் கீழ வடிகால் அடைச்சிருக்கும். திறந்து பாருங்க."

திறந்து பார்த்தால் அடைத்திருக்கும்.

சாப்பாட்டுப் பாத்திரம் வைத்த அலமாரி இன்னும் பாய்லர் அறையில்தான் இருந்தது. அதற்காக ஒருநாள் உள்ளே போனான். கதவு அகலத் திறந்திருந்தது. ஒவ்வொரு வால்வின்மேலும் ஒரு சீட்டு ஒட்டி, குண்டு குண்டாகப் பெயர் எழுதியிருந்தாள். 'மூக்கு' இருந்த இடத்தில் ஐந்து சொல் தொங்கியது. நாற்காலியில் அவள் உட்காரவில்லை, அதன்மேல் புத்தகம் இருந்தது. புது வழிகாட்டி.

"புதுப் பதிப்பு தம்பி. வெள்ளைப் பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு பாக்க வாங்கினேன். சேறு தள்ளறதைப் பத்தி நீங்க சொன்னது தப்பு. ரெண்டு மார்க் போச்சு."

அவன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டான்.

"தண்ணி கேள்வி சரியா சொன்னீங்க. ஒண்ணு தப்பு, ஒண்ணு சரி. வேணும்னே சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா?"

வேணும்னே என்று அவள் முகத்தில் துப்ப வேண்டும் போலிருந்தது. ஆனால் வேணும்னே சொன்னதுதான் சரியான விடை என்று ஆகிவிட்டதே. "ஞாபகமில்ல," என்றான்.

"ஞாபகமில்லேன்னா மார்க் கிடையாது."

அவள் அளவுமானியைப் பார்க்கத் திரும்பியபோது அவன் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினான். எந்தப் புத்தகம் வாங்கினாலும் அவள் தேதி போட்டு வைப்பாள். ஆய்வாளர் வந்ததற்கு ஒரு வாரம் முந்தின தேதி.

ஆக, அவளுக்குத் தெரியும். அவன் பொய் சொன்னவன் என்று தெரிந்துகொண்டுதான் அத்தனை பேர் முன்னாலும் "கொழுந்தனார்தான் சொல்லிக் கொடுத்தார்" என்று கையைக் காட்டினாள். அவள் நல்லவள் என்று யாராவது சொன்னால், இனி அவனிடம் பதில் இருந்தது. அது அவனுக்கு ஒருவிதமான தெம்பைக் கொடுத்தது. அன்று மாலையே போய் விண்ணப்பம் வாங்கினான். வழிகாட்டியும் வாங்கினான், புதுப் பதிப்பு. கடையிலேயே நின்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, எங்கும் வெள்ளை இல்லை என்று பார்த்துக்கொண்டான்.

படிப்பது சுலபமாக இல்லை. எழுத்துக்கூட்டி ஒரு வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தலை மறந்துபோகும். சலவைக்கூடத்தில் அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தான். அங்கே நாற்றம் தாங்காமல் யாரும் வர மாட்டார்கள். வீட்டில் அவன் மனைவி சமையல் வேலைக்கு நடுவே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டாள்.

"பாதுகாப்பு வால்வு எத்தனை இருக்கணும்?"

"ரெண்டு."

"குறைந்தபட்சம்னு போட்டிருக்கு. குறைந்தபட்சம்னு நீங்க சொல்லல."

"நீயும் அவளை மாதிரியே பேசாதே!"

"சொன்னாத்தானே மார்க்கு," என்றாள் அவள்.

கவனம் நழுவும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரல் கேட்கும். பாய்லர் வேலை முடிந்து வந்தும், அவள் வேறு எதற்கோ படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் போதும் அவனுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பக்கத்தைத் திறப்பான். அவள் சத்தம் கூடினால் இவனும் கூட்டுவான். காலை ஐந்தரைக்குச் சுவர் இப்போது இரண்டு பக்கமும் படித்தது. அண்ணன் ஒருநாள் வேனிலேயே போய்த் தூங்கினான்.

முதல் தடவை நாலு மதிப்பெண்ணில் போயிற்று. பத்து நாள் அவன் எதிர்வாசல் திறக்கும் ஓசை கேட்டால் படியிறங்காமல் உள்ளேயே நின்றான். பதினோராவது நாள் மாட்டிக்கொண்டான்.

"எந்தக் கேள்வி தம்பி?"

"உங்க வேலையைப் பாத்துட்டுப் போங்க."

"நாலு மார்க்னா ஒரே கேள்விதான். எதுன்னு தெரிஞ்சா..."

"அண்ணி, செத்தாலும் உங்ககிட்ட கேக்க மாட்டேன்."

"சரி," என்றாள். உண்மையிலேயே சரி என்பதுபோல இறங்கிப் போனாள். சண்டைக்குக்கூட அவளிடம் ஒரு மரியாதை கிடைக்கவில்லை.

எந்தக் கேள்வி என்று அவனே கண்டுபிடித்தான். மூன்று மாதம் அதையும், அதைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் மென்றான். இரண்டாம் முறை எழுத்தில் தேறி, வாய்மொழிக்குப் போனான். எதிரே மூன்று பேர். கேட்டதற்கெல்லாம் அவர்கள் முகத்தைப் பார்க்காமல், மேசையைப் பார்த்து, அண்ணியைத் திட்டுகிற குரலில் பதில் சொன்னான். "கோபமா இருக்கீங்களா?" என்று ஒருவர் கேட்டார். "இல்ல சார், பதில் சொல்றேன்," என்றான்.

தேறினான். மேனேஜர் வாக்கு மாறவில்லை. திங்கட்கிழமை காலை அவரே ஆணி அடித்து அவன் சான்றிதழை மாட்டினார். பக்கத்தில் அண்ணியுடையது தொங்கியது.

"ரெண்டும் இருக்கட்டுமே. பாக்க நல்லா இருக்கு."

"வேண்டாம் சார்."

அவர் போனதும் கத்தியை எடுத்து, வால்வுகளில் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினான். சூட்டில் பசை இறுகிப்போய்ச் சில பாதிதான் வந்தன. பெயர்கள் எல்லாம் இப்போது அவனுக்கே மனப்பாடம் என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது. நாற்காலியைத் துடைத்துப் பழைய இடத்தில் போட்டான். அண்ணியின் சட்டத்தைக் கழற்றி, காகிதத்தை உருவினான். கெட்டியான காகிதம், கீழே அரக்கு நிற முத்திரை, நடுவில் அவள் பெயர். ஆறு மாதம் தன் சோற்றில் மண் போட்ட பொருள் இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

இஸ்திரிப் பக்கம் போனான். சொல்ல வேண்டியதை வழியில் சேர்த்துவைத்துக்கொண்டான். அண்ணி, எந்த நாளும் அங்கிருந்து போகாதவள் மாதிரி, வரிசையில் தன் இடத்தில் நின்று போர்வை உதறிக்கொண்டிருந்தாள்.

"இந்தாங்க, உங்க காகிதம். இனிமே அங்க இதுக்கு வேலை இல்ல."

அவள் முகத்தில் எங்காவது ஒரு கீறல் விழுகிறதா என்று பார்த்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"பாஸா தம்பி? எத்தனை?"

"எவ்வளவா இருந்தா என்ன?"

"சேறு கேள்வி வந்துச்சா?"

அவள் காகிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக, வழவழப்பாக இருந்தது. விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, மடித்த போர்வைகளின்மேல் காகிதத்தைக் கவிழ்த்துப் போட்டு, வரைய ஆரம்பித்தாள். ஒரு கயிறு, அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகிற ஒரு முடிச்சு.

"இது எதுக்கு, பரீட்சை?" என்று கேட்டாள் எதிரே நின்றவள்.

"படகு ஓட்டறதுக்கு."

"இங்க ஏதுடி தண்ணி?"

"அது பாடத்துல இல்ல," என்றாள் அண்ணி.

பென்சில் அழுத்தி அழுத்திப் போயிற்று. ஒரு கோட்டை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபக்கத்தில் முத்திரை இருந்த இடம் மேடாக இருந்ததால் கயிறு அங்கே கோணியது. அவள் உச்சுக் கொட்டினாள். சேர்த்துவைத்த வாக்கியத்தில் இன்னும் பாதி அவன் வாயில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"பாய்லர்! ஆவி எங்கேய்யா?" என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

அண்ணி தலை நிமிரவில்லை. "உங்களைத்தான் தம்பி," என்றாள்.